நவம்பர்ப் பெட்டியில் போட்ட பெயர்

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. பூசையில் முன்வரிசையில் இருந்தால் கால் தானாக ஆடும். அதனால் எப்போதும் பின்னால் கதவடியில்தான் நிற்பேன். இப்படிப்பட்ட ஒருவனிடம் பன்னிரண்டு சின்னப் பிள்ளைகளைக் கொடுத்து மறைக்கல்வி படிப்பி என்றால் அது யாருடைய பிழை? நான் கை உயர்த்தியது உண்மைதான். வகுப்பு எடுத்துவந்த சிஸ்டர் வேறு நகரத்துக்கு மாற்றலாகிப் போகிறார், யார் பொறுப்பெடுப்பீர்கள் என்று பங்குச் சுவாமியார் கேட்ட அதே நேரத்தில், ஒலிவாங்கி கரகரக்கிறது என்று சொல்ல நான் கையை உயர்த்திவிட்டேன். சனம் கைதட்டியது. அதற்குப் பிறகு ஒலிவாங்கியைப் பற்றி எப்படிப் பேசுவது?

இது இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் நடந்தது. கிழமை நாட்களில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ‘சேர்’ ஆனேன். ஒஸ்லோவில் தமிழ்க் கத்தோலிக்கரான எங்களுக்கென்று தனிக் கோயில் கிடையாது. நோர்வேக்காரரின் பூசை முடிந்து, போலந்துக்காரரின் பூசை முடிந்து, பின்னேரம் மூன்று மணிக்குத்தான் தமிழ்ப் பூசை. எங்களுக்குப் பிறகும் ஒரு கூட்டம் காத்திருக்கும். நாங்கள் கடைசிப் பாட்டுப் பாடும்போதே அவர்களுடைய குழந்தை வண்டிகள் வாசலுக்கு வந்துவிடும். வகுப்பு இரண்டு மணிக்கு, கோயிலுக்குக் கீழே நிலவறையில். ஒரு கண் பிள்ளைகளிலும் மற்றக் கண் மணிக்கூட்டிலுமாகத்தான் நான் படிப்பித்தேன்.

பிள்ளைகளுக்கு ஏழு, எட்டு, ஒன்பது வயது. எல்லோரும் இங்கே பிறந்தவர்கள். என்னோடு தமிழிலும் தங்களுக்குள் நோர்வே மொழியிலும் பேசுவார்கள். அந்த ஒக்ரோபரில் பாடம், துன்பப்படுகிறவர்களைக் கடவுள் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்பது. கஷ்டப்படுகிற ஒருவரை வரைந்து காட்டுங்கள் என்றேன். கூடாரங்கள் வந்தன, உடைந்த வள்ளங்கள் வந்தன, பெரிய தலையும் வீங்கிய வயிறுமாக ஒரு ஆபிரிக்கப் பிள்ளை வந்தது. ஒருவன் மட்டும் மத்திய ரயில் நிலையத்தடியில் சுருண்டு கிடக்கும் போதைக்காரனை வரைந்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கஷ்டம் என்றால் அது ஊரில் இருக்கும் என்று நாங்கள்தான் பழக்கியிருந்தோம். யுத்தம், கடல் கொண்டுபோன வீடுகள், அதற்கு உடுப்புச் சேர்ப்பது, இதற்குப் பாண் விற்றுக் காசு அனுப்புவது. ஒஸ்லோவில் இருப்பவன் அனுப்புகிறவன். அனுப்புகிறவனுக்கு என்ன கஷ்டம்?

அந்த வகுப்பில் எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். நகரின் ஓரத்தில், புருசெத்தில் மாடிக் குடியிருப்பொன்றில் இருந்து வருகிறவள். தாளில் ஒன்றும் வரையாமல் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். முன்பெல்லாம் அவளைக் கூட்டிவருவது தகப்பன்தான். அவரும் என்னைப்போலக் கதவடியில் நிற்கிற ஆள். இரண்டு பேரும் பிரசங்கம் முழுக்கச் சுவரில் சாய்ந்து நிற்போம். நீண்டுபோனால் அவர் ஒரு சூயிங்கத்தை நீட்டுவார். ஒரு வருடத்துக்கு மேலாக அவரைக் காணவில்லை. இப்போது தாய்தான் கூட்டிவந்தாள். இரவு வேலை, பகலில் நித்திரை என்று யாரோ சொன்னார்கள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. சாய்ந்து நிற்கக் கொஞ்சம் கூடுதலாக இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இனி அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நவம்பர் எங்களுக்கு இறந்தோரின் மாதம். ஊரில் என்றால் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையைக் கழுவி மெழுகுதிரி ஏற்றுவோம். இங்கே ஏற்றுவதற்கு எங்களுக்குக் கல்லறை இல்லை. ஆகவே ஒக்ரோபர்க் கடைசியில் கோயிலின் பின்பக்கம் ஊதாத் துணி சுற்றிய ஒரு பெட்டியை வைப்பார்கள். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைத் துண்டில் எழுதிப் போடலாம். நவம்பர் முதல் ஞாயிறு பூசையில் அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்போம். அன்றைக்கு மட்டும் இருமல் சத்தம்கூடக் கேட்காது. தன் அண்ணனின் பெயர், தன் மகனின் பெயர் எப்போது வரும் என்று ஒவ்வொருவரும் காது கொடுத்திருப்பார்கள். ஒரு பெயர் பிழையாக வாசிக்கப்பட்டால் அடுத்த நவம்பர் வரை மன்னிக்க மாட்டார்கள்.

முந்தைய வருடம் நான் இதைப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகவே விளக்கியிருந்தேன். இறந்தவர்கள், மோட்சத்துக்குப் போகுமுன் அவர்கள் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலம், எல்லாம். அன்றிரவு ஒரு பையன் படுக்கையை நனைத்துவிட்டானாம். அவனுடைய தகப்பன் எனக்குத் தொலைபேசியில் நல்ல திட்டுத் திட்டினார். அதனால் இந்த வருடம் நான் சாவைத் தொடவே இல்லை. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவசர அவசரமாகச் சொன்னேன்:

“பின்னாலை ஒரு பெட்டி இருக்கு. கஷ்டப்படுகிற சில பேருக்குத் தங்களுக்காகத் தாங்களே செபிக்கேலாது. அவைக்காக நாங்கள்தான் செபிக்க வேணும். அவையின்ரை பேரை எழுதிப் போட்டால் கோயிலிலை வாசிப்பம். கடவுள் பாத்துக்கொள்ளுவார்.”

என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். வேதமும் பிழையாகவில்லை, பிள்ளைகளும் பயப்படவில்லை.

அந்தப் பெண்பிள்ளை கை உயர்த்தினாள். “சேர், வீட்டிலை இருக்கிற ஆக்களும் கஷ்டப்படலாமோ?”

“ஓம், ஓம், ஆரும் கஷ்டப்படலாம். கதிரையளை உள்ளுக்குத் தள்ளுங்கோ.”

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. மணிக்கூட்டைத்தான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு பெயர்களை வாசிக்க என்னை விட்டார்கள். பூசை தொடங்குமுன் துண்டுகளை ஒரு கட்டாகக் கையில் தந்தார்கள், தடித்த கட்டு. பிரசங்கம் வேறு நீண்டுவிட்டது. நான் வாசிக்க எழும்பியபோது வாசலில் குழந்தை வண்டிகள் தெரிந்தன. கடகடவென்று வாசித்தேன். எங்கள் ஆட்களின் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான், முன்னால் ஒரு புனிதரின் பெயர், பின்னால் ஒரு தமிழ்ப் பெயர். இடையில் ஒரு துண்டு வந்தது. எழுத்து உருண்டை உருண்டையாக வடிவாக இருக்கிறதே என்று மட்டும்தான் நினைத்தேன். வாசித்தேன். அதற்குப் பிறகு இன்னும் மூன்று பெயர்களையும் வாசித்துவிட்டேன்.

சனத்தின் தலைகள் திரும்புவதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தேன். எல்லோரும் நாலாவது வரிசையைப் பார்த்தார்கள். அங்கே அந்தப் பெண்பிள்ளையின் தாய் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மகள் எனக்கு மெல்லச் சிரித்தாள். தான் எழுதியதை நான் விட்டுவிடாமல் வாசித்த சந்தோஷம். அப்போதுதான் என் வாயிலிருந்து யாருடைய பெயர் போனது என்று எனக்கு உறைத்தது. என்னோடு சுவரில் சாய்ந்து நின்ற ஆளை, உயிரோடு இருக்கிறவரை, பீடத்தடியில் நின்று இறந்தவர்களோடு சேர்த்துவிட்டேன். மிச்சத் துண்டுகளை எப்படி வாசித்து முடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

பூசை முடிந்ததும் கீழ்மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்சும் கொடுப்பார்கள். அன்றைக்கு ரோல்ஸ் அப்படியே கிடந்தது. “எப்ப நடந்தது?”, “எங்களுக்கு ஒருதரும் சொல்லேல்லையே” என்று தாயைச் சூழ்ந்துகொண்டார்கள். சிலர் ஏற்கெனவே வெளியே நின்று தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“அவர் இருக்கிறார். இரவு வேலை, படுத்திருக்கிறார். ஆரோ பிழையாப் போட்டிட்டினம்” என்றாள் தாய்.

“நான்தான் எழுதினனான்” என்றாள் மகள். “அப்பாவுக்கு இரவு வேலை இல்லையே அம்மா.”

தாயின் கை உயர்ந்தது. பிறகு அந்தக் கை பிள்ளையின் ஜாக்கெட்டைப் பிடித்துப் படியை நோக்கி இழுத்தது. நான் என்னுடைய கோட்டையும் எடுக்காமல் பின்னால் ஓடினேன். வேறு யாராவது அவருக்குச் சொல்லுமுன் நான் போய்ச் சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது.

வெளியே நாலரைக்கே இருட்டிவிட்டிருந்தது. நனைந்த பனி விழுந்துகொண்டிருந்தது. நிலத்தடி ரயிலில் மூவரும் ஏறினோம். தாய் கைத்தொலைபேசியில் வீட்டுக்கு அடித்தாள். ‘எங்கேஜ்’ சத்தம். மறுபடி அடித்தாள். அதே சத்தம். சுரங்கத்துக்குள் தொடர்பு அறுந்தது, வெளியே வந்ததும் மறுபடி அடித்தாள். நான் இருந்தேன், எழும்பினேன், கதவடிக்குப் போனேன், திரும்பி வந்தேன்.

“ரிசீவரைக் கழற்றி வைச்சிட்டாரோ தெரியேல்லை” என்றாள்.

பிறகு என்னைப் பார்க்காமல், யன்னலைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். அவர் வேலை செய்த இடத்தை மூடிவிட்டார்கள். முதல் இரண்டு மாதம் வேலை தேடினார். பிறகு ஒருநாள் படுத்தவர் எழும்பவில்லை. வைத்தியர் சுகவீன விடுமுறை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். திரைச்சீலையைத் திறக்க விடமாட்டார். தாடி எடுக்கிறதில்லை. செபமாலைக்குக் கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். பதின்மூன்று மாதமாக அவள் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சகோதரங்களுக்குக்கூட இல்லை.

“நான் இருந்தென்ன, இல்லாட்டியென்ன எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறவர். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறனான். இண்டைக்குக் கோயிலிலை இருந்தே மறுமொழி போயிருக்கும்.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. மறுபடி இலக்கத்தை அழுத்தினாள்.

பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தாள். தான் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டது அவளுக்கு அதற்குள் விளங்கிவிட்டது.

“சேர், அது செத்த ஆக்களின்ரை பெட்டியோ?”

“ஓம்.”

“அப்ப கடவுள் அப்பாவைச் செத்த ஆள் எண்டு நினைப்பாரோ?”

“இல்லையம்மா. கடவுளுக்கு எல்லாம் தெரியும்.”

“தெரியுமெண்டால் ஏன் நாங்கள் பேர் எழுதிக் குடுக்கிறம்?”

இரண்டு வருடமாக மறைக்கல்வி எடுத்தவன் நான். புத்தகத்தில் இதற்குப் பதில் இருந்திருக்கும். நான் கதவுக்கு மேலே இருந்த நிலையங்களின் வரிசையைப் பார்த்து இன்னும் எத்தனை என்று எண்ணினேன். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிச் சொல்லியே நான் ஒருவரையும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். என்மேலே எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு மனிதன் என் பக்கத்திலிருந்து காணாமல் போகிறான், நான் சுவரில் நன்றாகச் சாய்ந்து நிற்கிறேன்.

புருசெத்தில் இறங்கி ஏறக்குறைய ஓடினோம். மின்தூக்கி வரும்வரை தாய் பொறுக்கவில்லை. ஐந்தாம் மாடிக்குப் படியில் ஏறினாள். திறப்பு இரண்டு முறை பூட்டுக்குள் போகாமல் வழுக்கியது. நான் வாங்கித் திறந்தேன்.

நடையில் வெளிச்சம் எரிந்தது. அவர் இடுப்பில் சாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். மெலிந்து, நெஞ்சுவரை தாடியோடு, வேறொரு ஆள்போல. காதில் தொலைபேசி.

“ஓம் அண்ணை, நான்தான் கதைக்கிறன். இல்லை, சாகேல்லை... ஓம், அவைக்கும் சொல்லிவிடுங்கோ.”

தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டாள். அவர் தொலைபேசியை வைத்தார். வைத்த கையோடு அது மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை. அது தானாக அடித்து ஓய்ந்தது.

“வாங்கோ சேர்” என்றார். “செத்த வீட்டுக்கோ வந்தனீங்கள்?”

ரயிலில் சேர்த்து வைத்த மன்னிப்பையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். பெட்டி, பையன் படுக்கை நனைத்தது, சாவைச் சொல்லாமல் விட்டது, குழந்தை வண்டிகள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“பதினொரு பேர் எடுத்தவை” என்றார் பிறகு. “ஒரு வருசமா ஒருதரும் எடுக்கேல்லை. இண்டைக்குப் பதினொரு பேர். அவ்வளவு தூரத்து ஸ்தவாங்கரிலை இருந்தும் ஒராள். நான் கதைச்சவுடனை அவையளுக்கு என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை.” என் பக்கம் திரும்பினார். “நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பிள்ளையைப் படிப்பிக்கிறீங்கள். நான் ஏன் வாறேல்லை எண்டு அவளை ஒருக்கா எண்டாலும் கேட்டனீங்களோ?”

“இல்லை” என்றேன்.

இரவு வேலை என்று கேள்விப்பட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர் மகளைப் பார்த்தார். அவள் இன்னும் சப்பாத்தைக் கழற்றாமல் கதவோடு ஒட்டி நின்றாள். அடிவிழும் என்று நினைத்திருக்க வேண்டும்.

“இஞ்சை வாங்கோ. ஏன் எழுதினனீங்கள்?”

“தங்களுக்காகத் தாங்களே செபிக்கேலாத ஆக்கள் இருக்கினமாம். சேர் சொன்னவர். பேர் குடுத்தால் கடவுள் பாத்துக்கொள்ளுவாராம்.” அவள் குரல் உடைந்தது. “நீங்கள் செபமாலைக்கு வாறேல்லைத்தானே.”

அவர் அவளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டு நடையிலிருந்த சப்பாத்துப் பெட்டிமேல் இருந்தார். அவருடைய தோள் குலுங்கியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான் என் கால் அசையவில்லை என்று நினைக்கிறேன்.

நெடுநேரத்துக்குப் பிறகு அவர் மூக்கைச் சாரத்தில் துடைத்தார்.

“சேர், பூசையிலை சுகமில்லாத வருத்தக்காரருக்கும் மன்றாடுறவை எல்லோ. அதிலை பேர் வாசிக்கிறவையோ?”

“கேட்டால் வாசிப்பினம்.”

“அப்ப அடுத்த ஞாயிறு என்ரை பேரை அதிலை வாசியுங்கோ.”

தாய் நிமிர்ந்தாள். “என்ன கதை இது? சனம் முழுக்க அறிஞ்சிடும்.”

“செத்தவன் எண்டே அறிஞ்சிட்டுதுகள்” என்றார். “வருத்தக்காரன் எண்டு அறிஞ்சால் இனி என்ன குறைஞ்சு போகப் போகுது.”

பிள்ளை பாடசாலைப் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துத் தாள் கிழித்துக் கொடுத்தாள். அவர் அதை முழங்காலில் வைத்து எழுதினார். பேனா பிடித்து எத்தனையோ காலம் என்பது தெரிந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று நின்று எழுதினார். எழுதி முடித்துத் தாளை என்னிடம் நீட்டினார்.

“பொறுங்கோ” என்றாள் தாய்.

அவள் இன்னும் நிலத்தில்தான் இருந்தாள், கோட்டும் கழற்றாமல், நனைந்த தலையோடு. பதின்மூன்று மாதமாகச் சமைத்து, வேலைக்குப் போய், பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிவந்து, கேட்டவர்களுக்கெல்லாம் மறுமொழி சொன்னவள். எனக்கு அதுவரை அவள் அவருடைய மனைவி, பிள்ளையின் தாய். அவ்வளவுதான்.

“கீழை என்ரை பேரையும் எழுதுங்கோ” என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளைத் திரும்ப வாங்கி, தன் பெயருக்குக் கீழே அவளுடைய பெயரை எழுதினார். அடுத்த ஞாயிறு இரண்டையும் நான்தான் வாசித்தேன்.